கறுப்புக் காளைக்கு மூக்கணாங்கயிறு

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் தார்ன்பெக் ஊர்க்காரர்களுக்குக் குறை சொல்லத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மழை பெய்தால் குறை, பெய்யாவிட்டாலும் குறை. குப்பை லாரி சீக்கிரம் வந்தால் தூக்கம் போச்சு, தாமதமாக வந்தால் நாற்றம் தாங்கலை. பேருந்து, நகரசபை, பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு அடித்த பச்சை வர்ணம் என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆனால் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தக் குறைக்குக் காரணமான ஆளிடம். அவர் நேரில் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டால் போதும், அத்தனை வாயிலிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "ரொம்ப நல்லாருக்குங்க."

இந்த இரண்டு சொல்லால் எனக்கு வீடே போக இருந்தது.

என் பெயர் லோரெய்ன். சந்தைச் சதுக்கத்தில் மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் 'கறுப்புக் காளை' பப்பை இருபது வருடத்துக்கு மேலாக நடத்துகிறேன். கட்டடத்துக்கு நானூறு வயது என்கிறார்கள். கட்டடம் பீர் கம்பெனியுடையது, உழைப்பு என்னுடையது. கீழே பப், மேலே என் வீடு. மேலே தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். சமையலறையில் ஒரு உருளைக்கிழங்கு கை தவறி விழுந்தால் முன்னறை ஜன்னல்வரை உருண்டுபோய்த்தான் நிற்கும். என் மகள் அந்தச் சரிவில்தான் நடை பழகினாள், இன்றைக்கும் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் நடப்பாள். என் புருஷன், பப்பில் பலகையைக் குறிபார்த்து அம்பெறியும் பெண்கள் டார்ட்ஸ் அணியின் தலைவியோடு ஸ்பெயினுக்குக் குடிபோனபோது தன் துணிமணியை எடுத்துக்கொண்டு டார்ட்ஸ் பலகையை எனக்கு விட்டுப்போனான். சரி, வீடும் பலகையும் மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வருடம் கம்பெனிக்கு ஞானோதயம் வந்தது. காளைக்குப் புது அடையாளம் வேண்டுமாம். அதற்கென்று இமோஜென் என்ற பெண்ணை அனுப்பினார்கள். லண்டன்காரி, முப்பது வயதுகூட ஆகவில்லை. மஞ்சள் கோட்டு, மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கண்கள், கள்ளமில்லாத சிரிப்பு. அவளைத் திட்ட யாருக்கும் மனம் வராது, அதுதான் சிக்கலே. வாடிக்கைக்காரர்களிடம் கருத்துக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டேன் என்று சொல்லி, ஒரு ஞாயிறு மதியம் எல்லோரையும் கூட்டினாள். தன் கையால் சுட்ட இஞ்சி பிஸ்கட் ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தாள். அங்கேயே காரியம் கெட்டது. ஒருவர் வீட்டில் சுட்டுக்கொண்டு வந்ததைத் தின்றுவிட்டு அவர் முகத்துக்கு நேராகக் குறை சொல்வது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம்.

சுவரில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கடைசியில் புதுப் பெயர். 'ஃபெர்ன் அண்ட் ஃபேபிள்.' அதாவது பெரணிச் செடியும் நீதிக்கதையும். நானூறு வருடம் நின்ற காளை போய், அது மேய வேண்டிய செடி மட்டும் மிச்சம். நீதிக்கதை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"மனசுல படறதை அப்படியே சொல்லுங்க," என்றாள் இமோஜென். "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

எல்லோரும் வில்ஃப் தாக்ரேயைப் பார்த்தார்கள். வில்ஃப் கசாப்புக் கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர், எழுபதைத் தாண்டியவர். ஒரு பூங்கா பெஞ்சைத் தள்ளிப் போட்டதற்காக நகரசபையை இரண்டு வருடம் தூங்கவிடாத மனிதர். அவர் பிஸ்கட்டை மென்று முழுங்கிவிட்டு, "வித்தியாசமா இருக்கும்மா," என்றார்.

அடுத்து ஜாய்ஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவள், என் சிநேகிதி, மாவுக்குள் கறியை வைத்துச் சுடும் 'பை' செய்வதில் அவள் சொல்வதே தீர்ப்பு. "கலரெல்லாம் கண்ணுக்கு அமைதியா இருக்கு," என்றாள்.

எங்கள் ஊரில் வித்தியாசமாக இருக்கிறது என்றால் தூக்கிக் குப்பையில் போடு என்று அர்த்தம். அந்தப் பெண்ணுக்கு அதை யார் சொல்வது? முகமெல்லாம் மலர்ந்துபோய் நின்றாள். அன்றைக்கு உண்மையான கருத்தைச் சொன்னது வில்ஃபின் நாய் மேஜர் மட்டும்தான். மாதிரிக்குக் கொண்டுவந்து வைத்திருந்த பெரணித் தொட்டியருகே போய்க் காலைத் தூக்கியது. அதற்கும் வில்ஃப் மன்னிப்புக் கேட்டார்.

கூட்டம் கலைந்ததும் இமோஜென் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு படத்தைக் காட்டினாள். அது என் மேல்மாடி. என் மேல்மாடி இல்லை, வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துத் தங்க ஆறு அறைகள். என் அடுப்பு இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி, அதற்குள் யாரோ ஒருத்தி ஒய்யாரமாகச் சாய்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"இது ரெண்டாவது கட்டம்," என்றாள். "கீழ வேலை முடிஞ்சு நல்லா ஓடட்டும். வசந்தத்துல எங்க டைரக்டர் மிஸ்டர் ஹார்க்னஸ் நேர்ல வருவார். வழக்கமா வர்றவங்களுக்குப் பிடிச்சிருந்தா மேலயும் ஆரம்பிச்சிடுவோம். உங்களுக்கு பைபாஸ் பக்கத்துல புது குடியிருப்புல நல்ல ஃபிளாட் பார்த்துத் தருவோம். நீங்க என்ன சொல்றீங்க, லோரெய்ன்?"

"யோசிச்சுப் பார்க்கணும்," என்றேன்.

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? அவளோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க ஒத்துழைப்பு எனக்குப் பெரிய பலம்," என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாள்.

இலையுதிர் காலத்தில் மறுபடி திறந்தோம். சுவருக்கு ஈரச் சாம்பல் நிறம். அலமாரி நிறையப் புத்தகங்கள், ஆனால் முதுகு உள்பக்கம் போகும்படி அடுக்கியிருந்தார்கள். என்ன புத்தகம் என்றே தெரியாது, அது அழகுக்காம். டார்ட்ஸ் பலகை இருந்த இடத்தில் காய்ந்த பூங்கொத்து. நாற்காலிகளை எடுத்துவிட்டு உயரமான ஸ்டூல்கள் போட்டிருந்தார்கள். வில்ஃப் அதில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தால் முடிவெட்டக் கொண்டுவந்த பிள்ளை மாதிரி இருந்தது. பீங்கான் தட்டுகள் போய்க் கூரைக்குப் போடும் கறுப்புக் கற்பலகைகள் வந்திருந்தன. சாப்பாட்டை அதில்தான் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பேன். கயிறுதான் என்னால் தாங்க முடியவில்லை. கவுண்டருக்கு முன்னால் பித்தளைக் கம்பங்கள் நட்டு, சிவப்புக் கயிறு கட்டி, வரிசை இங்கே ஆரம்பம் என்று ஒரு பலகையும் வைத்துவிட்டார்கள்.

நாங்கள் வரிசைக்குப் பிறந்தவர்கள்தான். பஸ்ஸுக்கு வரிசை, தபாலாபீசில் வரிசை, சாவு வீட்டில் சாண்ட்விச் எடுக்கவும் வரிசை. ஆனால் பப்பின் கவுண்டரில் மட்டும் கிடையாது. அங்கே நீளவாக்கில் அவரவருக்கு வாய்த்த இடத்தில் முழங்கையை ஊன்றி நிற்பார்கள். யாருக்குப் பின் யார் வந்தார் என்ற கணக்கு ஒவ்வொருவர் மண்டைக்குள்ளும் இருக்கும். நான் "அடுத்து யாரு?" என்பேன். முறை தவறி யாரையாவது பார்த்துவிட்டால் அவர் கேட்டு வாங்க மாட்டார், விரலை நீட்டி உரியவரைக் காட்டுவார். சமயத்தில் நாலைந்து விரல்கள் ஒரே ஆளைக் காட்டும். இவர்கள் வாய் சொன்ன பொய்யையெல்லாம் நான் கேட்டிருக்கிறேன். அந்த விரல் பொய் சொல்லி ஒருநாளும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. கவுண்டரில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. எதிர் அலமாரியில் இருக்கும் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே முட்டிவலி, மகன் பேசாமல் இருப்பது, பெண்டாட்டி போய்ச் சேர்ந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். எங்கள் ஆட்களை நேருக்கு நேர் உட்கார வைத்தால் மழையைத் தவிர வேறு பேச்சு வராது. இப்போது கயிற்றைக் கட்டி ஒருவர் பின்னால் ஒருவராக நிற்க வைத்தாயிற்று. முன்னால் நிற்பவனின் பிடரியிடம் எவனாவது மனதைத் திறப்பானா? பல் டாக்டர் வீட்டு முன்னறை மாதிரி ஆகிவிட்டது என் பப்.

யாராவது ஒருவர் அந்தக் கயிற்றைத் தாண்டியிருக்கலாம். ஒருவரும் தாண்டவில்லை. உள்ளே இத்தனை நீளக் கவுண்டர் காலியாகக் கிடக்க, வாசலுக்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். இமோஜென் அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். கூட்டம் தெருவரை நிற்கிறது என்று அங்கே ஒரே கொண்டாட்டமாம்.

மாதத்துக்கு ஒருமுறை வந்து மேசை மேசையாகக் கேட்பாள். ஒரு தடவை ஜாய்ஸ் மாட்டுக்கறி பை வாங்கியிருந்தாள். கற்பலகையில் பை, பட்டாணி, மேலே கிரேவி. பலகைக்கு விளிம்பு ஏது? கிரேவி ஓட ஆரம்பித்தது. ஜாய்ஸ் ஒரு கையால் பலகையைச் சாய்த்துப் பிடித்து, மறுகையில் முள்கரண்டியோடு அதைத் துரத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் சாய்த்தால் அந்தப் பக்கம் வழிந்தது, அந்தப் பக்கம் சாய்த்தால் இந்தப் பக்கம். கடைசியில் மொத்தமும் மடியில் இறங்கியது. சரியாக அந்த நேரம் பார்த்து இமோஜென் வந்து நின்றாள்.

"சாப்பாடு எப்படி இருக்கு, ஜாய்ஸ்?"

ஜாய்ஸ் கைக்குட்டையை மடியில் விரித்து மறைத்தாள். "ரொம்ப நல்லாருக்கு கண்ணு," என்றாள். "சூடாவும் இருக்கு."

எனக்குக் கவுண்டரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சனி ஞாயிறுகளில் லீட்ஸ் நகரத்திலிருந்து ஆட்கள் வந்து காய்ந்த பூவைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் வருமானம் பெரிதாகக் குறையவில்லை, கம்பெனிக்கும் ஒன்றும் தெரியவில்லை. மற்ற நாட்களில்தான் இடம் வெறிச்சோட ஆரம்பித்தது. முதலில் டார்ட்ஸ்காரர்கள் நின்றார்கள். பிறகு சந்தைக் கடைக்காரர்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஜாய்ஸைக் காணோம், வில்ஃபையும் காணோம். வாரத்தில் ஆறு நாள் வருகிற மனிதர். நான் அவருக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று சூப் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ரயில்வே கிளப் பக்கம் கையைக் காட்டினாள்.

ரயில்வே கிளப் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? பீர் கொட்டிப் பிசுபிசுத்த கார்ப்பெட் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். பீரைக் குடித்தால் பாத்திரம் கழுவிய தண்ணீரே தேவலை என்று தோன்றும். முப்பது வருடமாக எங்கள் ஆட்களே சிரித்த இடம். சூப் பாத்திரத்தோடு உள்ளே நுழைந்தால் மொத்தக் காளையும் அங்கேதான் இருந்தது. கவுண்டரில் முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு, பாட்டில்களைப் பார்த்தபடி, ஃபெர்னையும் ஃபேபிளையும் நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ் வில்ஃப்," என்றேன். "உனக்கு உடம்பு சரியில்லைன்னு சூப்பு கொண்டுவந்தா, இங்க என்ன பண்றே?"

வில்ஃப் தொப்பியைச் சரிசெய்தார். "சும்மா காத்தோட்டமா இருக்கேன்னு வந்தேன் லோரி."

"இந்தக் குகையில காத்தா? ஏண்டி ஜாய்ஸ், நீயுமா?"

"கோவிச்சுக்காதடி," என்றாள் ஜாய்ஸ். "அந்தக் கல்லுல வச்சுச் சாப்பிட என்னால முடியல. ரெண்டு பாவாடை பாழாப் போச்சு."

"அதை அந்தப் பொண்ணுகிட்ட சொல்றதுக்கென்ன? அவ மாசாமாசம் வந்து கேக்குறாளே, அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"மூஞ்சியப் பார்த்து எப்படிடி சொல்றது? எவ்வளவு ஆசையா கேக்குறா, பாவம்."

"ஐயோ பாவம்னு போனா ஆறு மாசத்துப் பாவம் நம்மளைப் பிடிச்சுக்கும்டி. பிடிச்சாச்சு. உங்களுக்கெல்லாம் பிடிச்சிருக்குன்னு அவ எழுதி அனுப்பியிருக்கா. வசந்தத்துல டைரக்டர் வர்றாரு. நீங்க அவர்கிட்டயும் நல்லாருக்குன்னு சொன்னீங்கன்னா, என் வீட்டை இடிச்சு ஆறு ரூம் கட்டிடுவாங்க. நான் பைபாஸ்ல போய் லாரிய எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கணும்."

அவர்களுக்கு இது தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லிப் புலம்புவது எனக்குப் பழக்கமில்லை.

"மேல் வீட்டையா?" என்றார் வில்ஃப்.

"மேல் வீட்டைத்தான். அடுப்பிருக்கிற இடத்துல குளியல் தொட்டி."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நான் சொல்றேன் லோரி. அந்த ஆள் வரட்டும். எல்லாருக்கும் சேர்த்து நானே நேருக்கு நேரா சொல்றேன். பெஞ்சு விஷயத்துல விட்டேனா?"

"பெஞ்சு விஷயத்துல நீ கடுதாசி போட்டே. நேர்ல பார்த்தப்ப அந்த அதிகாரியோட தோட்டம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்தே."

"இந்தத் தடவை அப்படி இல்ல," என்றார். ஜாய்ஸும் தலையாட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய் மதியம் மிஸ்டர் ஹார்க்னஸ் வந்தார். எப்படியும் ஒரு முரடனை எதிர்பார்த்திருந்தேன். வந்ததோ நெட்டையாய், ஒல்லியாய், தலை நரைத்த ஒரு சாதுவான மனிதர். வாசல் கால்மிதியில் ஷூவை அவ்வளவு நேரம் துடைத்தார். அவருக்குப் பின்னால் இமோஜென், கையில் எலுமிச்சை கேக். அதைப் பார்த்ததுமே எனக்கு அந்த இஞ்சி பிஸ்கட் ஞாபகம் வந்தது.

"இதுதான் எனக்கு முதல் வேலை, லோரெய்ன்," என்று என்னிடம் சொன்னாள்.

இதை ஏன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்? ஆளுக்கு ஒரு துண்டு கேக் கற்பலகையில் வந்தது. ரயில்வே கிளப்பில் சத்தியம் செய்த அத்தனை பேரும் வாய் நிறையக் கேக்கோடு ஸ்டூல்களில் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வழக்கமா வர்றவங்க எல்லாருக்கும் ரொம்ப திருப்தின்னு இமோஜென் எழுதியிருந்தா," என்றார் ஹார்க்னஸ். "இருந்தாலும் உங்க வாயாலயே கேக்கணும்னு வந்தேன். மிஸ்டர் தாக்ரே, நீங்க சொல்லுங்க. தயங்காம சொல்லுங்க."

வில்ஃப் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். ஹார்க்னஸைப் பார்த்தார், இமோஜெனைப் பார்த்தார், கையிலிருந்த கேக்கைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லாருக்குங்க," என்றார். "முக்கியமா விளக்கெல்லாம்."

உட்கார்ந்துவிட்டார். அடுத்து ஜாய்ஸ், "கேக் ரொம்ப மிருதுவா இருக்குங்க," என்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக, ஒருவர் விடாமல், நல்லாருக்கு, நல்லாருக்கு, நல்லாருக்கு. மேஜர்கூட அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தது.

நடு ஆற்றில் விட்டுவிட்டார்கள் என்னை. இருபது வருடமாக இவர்களுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். இவர்கள் வீட்டுக் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் சாண்ட்விச் வெட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எனக்காகச் சொல்ல முடியவில்லை. இன்னும் அங்கேயே நின்றால் வில்ஃபைக் கற்பலகையால் அடித்துவிடுவேன் என்று தோன்றியது. விறுவிறுவென்று போய்க் கயிற்றைப் பிடுங்கினேன். ஒரு கம்பம் சாய்ந்து பெரிய சத்தத்தோடு விழுந்தது. கவுண்டருக்குப் பின்னால் போய் நின்று அங்கே தொங்கும் மணியை அடித்தேன்.

"கடை திறந்தாச்சு," என்றேன். "கம்பெனி செலவு. வரிசை கிடையாது. குடிக்கிறவங்க வாங்க."

முதலில் வில்ஃப் இறங்கி வந்து கவுண்டரின் ஓரத்தில், பழைய இடத்தில், முழங்கையை வைத்தார். அடுத்தவர் வந்தார், அதற்கடுத்தவர் வந்தார். பட்டிக்குத் திரும்பிய மாடுகள் மாதிரி அவரவர் இடத்தில் போய் நின்றார்கள். ஹார்க்னஸ் மட்டும் பாவம், கயிறு இருந்த இடத்தில் தனியாக, ஓராள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்.

"அங்க நிக்காதீங்க," என்று வில்ஃப் நகர்ந்து இடம் விட்டார். "இப்படி வாங்க."

ஹார்க்னஸ் வில்ஃபுக்கும் ஜாய்ஸுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றார். இமோஜென் கோடியில் நின்றாள்.

"அடுத்து யாரு?" என்று வில்ஃபைப் பார்த்துக் கேட்டேன், கோபம் குறையாமல். அவர் விரல் பக்கத்தில் நின்றவரைக் காட்டியது.

"ஸ்டூலை விட்டு நான் இறங்குறதுக்கு முன்னாடியே அவரு நின்னுக்கிட்டிருந்தாரு. அவரைக் கவனி."

ஊற்றி வைத்தேன். எல்லோருக்கும் ஊற்றினேன். எல்லோரும் என் தலைக்குப் பின்னால் இருந்த பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மழை விடல," என்றார் வில்ஃப், பாட்டில்களிடம்.

"விடல," என்றார் ஹார்க்னஸ்.

"பஸ்ஸும் நேரத்துக்கு வர்றதில்ல."

"எங்க பக்கமும் அப்படித்தான்."

"இந்த ஸ்டூல்ல உட்கார்ந்தா எனக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியறதில்ல. மரத்துப் போகுது."

ஹார்க்னஸ் ஒரு வாய் குடித்தார். "எனக்கும் உயரமாத்தான் பட்டுது."

"கல்லுல கிரேவி நிக்குமா, நீங்களே சொல்லுங்க," என்றாள் ஜாய்ஸ். அவளும் பாட்டிலைத்தான் பார்த்தாள். "தட்டுக்கு எதுக்கு விளிம்பு வச்சான்? வேலையத்துப் போயா வச்சான்?"

அவ்வளவுதான், மடை திறந்தது. டார்ட்ஸ் பலகை, முதுகைக் காட்டாத புத்தகங்கள், சாம்பல் சுவர், மழையில் நின்றது, அந்தப் பெயர். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் பிடித்துக்கொண்டார். யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை. கோடியில் இமோஜெனின் முகம் சிவந்துகொண்டே போனது.

"இவ்வளவு நாளா ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து கேட்டேனே," என்றாள், அழுகைக்கு ஒரு படி முன்னால். "ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நீ நேர்ல வந்து கேட்டியே கண்ணு," என்றார் வில்ஃப், பரிவாக. "நேர்ல கேட்டா எப்படிச் சொல்றது?"

ஹார்க்னஸ் கிளாஸை முடித்தார். கயிறு வேண்டாம் என்றார். தட்டு திரும்ப வரட்டும், டார்ட்ஸ் பலகை வரட்டும், பெயரைப் பற்றிப் பேசிக்கொள்வோம் என்றார். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஆனால் மேல்மாடி பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அவரே என் பக்கம் திரும்பினார். பாட்டில்களைப் பார்க்கவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தார், ரொம்ப மரியாதையாக.

"கீழ சரி. மேல ஆறு ரூம் போடறதுல உங்களுக்குச் சம்மதம்னு இமோஜென் சொன்னா. அது உங்க வீடு. உங்களுக்கு மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க, லோரெய்ன்."

வாயைத் திறந்தேன். எத்தனை மாதமாகப் பாத்திரம் கழுவும்போதும் படியேறும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். அவர் கண்கள் அவ்வளவு சாந்தமாக இருந்தன.

"நல்ல யோசனைதாங்க," என்றது என் வாய். "ரூமெல்லாம் ரொம்ப அழகா இருக்கும்."

"சந்தோஷம்," என்றார் ஹார்க்னஸ்.

என்னால் யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. துணியை எடுத்துத் துடைத்த இடத்தையே துடைத்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், இருபது வருடப் பழக்கத்தில், "அடுத்து யாரு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்தேன். வில்ஃபின் கிளாஸ் காலி. ஜாய்ஸின் கிளாஸும் காலி. வில்ஃப் மெதுவாக விரலை உயர்த்தினார். அது ஜாய்ஸைக் காட்டவில்லை, ஹார்க்னஸைக் காட்டவில்லை, கவுண்டரைத் தாண்டி என்னைக் காட்டியது. ஜாய்ஸும் விரலை நீட்டினாள். அப்புறம் டார்ட்ஸ்காரர்கள், சந்தைக் கடைக்காரர்கள், ஒருவர் பின் ஒருவராக, கோடிவரை. கடைசியில் இமோஜென் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் விரலையும் என் பக்கம் நீட்டினாள்.

நான் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பாட்டில்களைப் பார்த்து நின்றேன்.

"அது என் வீடுங்க," என்றேன். "எனக்கு ரூமும் வேண்டாம், ஃபிளாட்டும் வேண்டாம். நான் போக மாட்டேன்."

பின்னால் ஹார்க்னஸ் காலி கிளாஸை நகர்த்திவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டாவது கட்டம் வேண்டாம், இமோஜென்," என்றார். "ஆனா லோரெய்ன், இதை நீங்க ஆரம்பத்துலயே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

எனக்கு வந்ததே கோபம். அப்படியே திரும்பி அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"போன வருஷமே சொல்லிட்டேனுங்க. யோசிச்சுப் பார்க்கணும்னு."